செவுளில் இருந்த கறுப்பு

கைப்பிடிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மெழுகுக் கட்டியிலிருந்து ஓர் ஏடு உரியும். அடுத்த சுற்றில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். வலது கை சுற்ற, இடது கை தூரிகை முனையால் அந்த நாடாவைத் தாங்கி இளஞ்சூட்டு நீரில் மிதக்க விட்டது. சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்து இறக்கி ஏட்டை ஏந்தியது. ஐந்தாவது சுற்றில் நாடா அறுந்தது. இந்தக் கைகளில் நாடா அறுந்து வருடக்கணக்காகிறது.

ராகேல் எழுந்து ஜன்னல் வரை போனாள். மழையைப் பார்க்காமலே திரும்பி வந்து, காலையில் சாயமேற்றிய ஸ்லைடை மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தாள். அங்கேயேதான் இருந்தது. கரிமீன் குஞ்சின் செவுளில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு. அது ஒன்றாம் தொட்டி மீன். ஒன்றாம் தொட்டியில் வெறும் தண்ணீர் மட்டும்தான்.

கிருமி அண்டாத துணி என்று விற்கிறார்களே, அதில் பூசுவது கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள். துவைக்கும்போது கழன்று நீரோடு போகும். அப்படியொரு துணி ஆலையின் கழிவுநீரைக் காயலில் விடலாமா, எவ்வளவு வரை விடலாம் என்று இந்த ஆய்வகத்திடம் கேட்டிருந்தார்கள். நான்கு தொட்டிகள். முதலாவதில் வெள்ளி இல்லை. மற்ற மூன்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இருபத்தெட்டு நாள் வளர்ந்த மீன்களின் செவுளை மெழுகில் பதித்து ஏடு ஏடாகச் சீவி ஸ்லைடாக்குவது ராகேலின் வேலை. துகள் செவுளில் ஒட்டித் திரண்டால் கறுப்பாகத் தெரியும்.

வெள்ளி கலந்த தொட்டிகளின் ஸ்லைடுகள் போன வாரமே விஞ்ஞானியின் மேசைக்குப் போய்விட்டன. மூன்றிலும் கறுப்பு. விஞ்ஞானி ஹரிகுமார் துள்ளிக் குதிக்காத குறை. மிகக் குறைந்த அளவிலேயே துகள் ஒட்டுகிறது என்று அறிக்கையும் எழுதி முடித்துவிட்டார். ஒன்றாம் தொட்டி மட்டும் பாக்கி. இன்று ஐந்து மணிக்கு அறிக்கை போகிறது.

ராகேல் பாறசாலைக்காரி. பத்தொன்பது வயதில் நகரத்துத் தனியார் பரிசோதனைக் கூடமொன்றில் குப்பி கழுவச் சேர்ந்து, கழித்துப்போட்ட மெழுகை வெட்டி வெட்டித் தானாகவே இந்த வேலையைப் படித்தாள். அங்கே இந்தக் கறுப்பு அடிக்கடி வரும். 'ஃபார்மலின் அழுக்கு' என்பார்கள். மருத்துவர் தேடியது புற்றுநோயை. அழுக்கைத் தாண்டிப் பார்த்துவிடுவார். இங்கே கறுப்பு என்றால் துகள்.

அழுக்குப் பிடிக்காமலிருக்க, மீனைக் கெடாமல் ஊறவைக்கும் ஃபார்மலினில் ஓர் உப்புச் சேர்க்க வேண்டும். மீன்களைத் தொட்டியிலிருந்து எடுத்த ஜூன் மாத நாளில் அது தீர்ந்திருந்தது. பழைய கூடத்துப் பழக்கத்தில் ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்துவிட்டு, பதிவேட்டில் வழக்கமான கரைசல் என்று எழுதிவிட்டாள்.

ஒன்றாம் தொட்டியிலும் கறுப்புக் குறைந்த ஏடுகள் ஒன்றிரண்டு இருந்தன. அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. அது நீள்வது ஹரிகுமார் எழுதும் நாலு வரியில் இருந்தது. அப்படியொரு ஸ்லைடைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு அப்படியே போட்டுவிட்டு அவர் அறைக்கு நடந்தாள்.

"வரணும், வரணும். ஒண்ணாம் தொட்டி சுத்தமாத்தானே இருக்கு?"

"இல்ல சார். அதிலயும் கறுப்பு கெடக்கு."

"விளையாடாதீங்கோ ராகேல்."

"வெளையாடுற நேரமா சார் இது? அது வெள்ளி இல்ல, ஃபார்மலின் அழுக்கு. ஜூன்ல உப்பு தீந்து போச்சு. நான் வெறும் தண்ணில கலக்கினேன். தப்பு எனக்கதாக்கும்."

ஹரிகுமார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மத்த மூணும்? அதுவும் அழுக்குதானா?"

"அது எனக்கும் தெரியாது. பிக்ரிக் அமிலத்தில முக்கினா அழுக்கு கரையும், வெள்ளி கரையாது. எல்லாத்தையும் திரும்ப வெட்டணும்."

"செப்டம்பர்ல உங்க கான்ட்ராக்ட் வரச்சே நான் என்னன்னு எழுதறது?"

"நடந்தத எழுதுங்க. இப்ப எனக்கு மூணு மணி வரைக்கும் தாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை. "மூணு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் என்று தண்ணீருக்கடியில்தான் வைப்பார்கள். சேமிப்பறைக்காரர் வேலாயுதன் குப்பியை ஆட்டாமல் எடுத்து நீட்டினார்.

"எந்தா ராகேல் சேச்சி, பாம் உண்டாக்கப் போறியளா?"

"ஆமா. மொதல்ல ஒங்க ஸ்டோருக்குத்தான். ஒரு பாக்கெட் உப்பு வாங்க ஒரு மாசம் ஆக்கினியளே!"

"அய்யோ, அது பர்ச்சேஸ்காரங்க..." அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

தொட்டிக்கு மூன்றாகப் பன்னிரண்டு கட்டிகள். இரண்டு முறை நாடா அறுந்தது. ஏடுகள் அடுப்பில் காயும் வரை உட்கார முடியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டிக் காற்றுக் குழாய்களைச் சரிசெய்தாள். சாப்பாட்டுப் பொதி பிரிக்கப்படாமலே கிடந்தது. எல்லாக் கறுப்பும் கரைந்து போனால் ஆலைக்காரன் சிரிப்பான், ஆய்வகத்தின் பேரும் போகும்; எல்லாம் அவள் கலக்கிய ஒரு குடுவைத் தண்ணீரால். மஞ்சள் அமிலத்தில் ஊறிய ஸ்லைடுகளை மஞ்சள் போகும் வரை ஓடும் நீரில் அலசி, சாயமேற்றி, மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டினாள்.

ஒன்றாம் தொட்டியில் கறுப்பு இல்லை. இரண்டிலும் இல்லை. மூன்றிலும் இல்லை. வெள்ளி மிக அதிகமாய் இருந்த நான்காவதில் செவுள் இழைகளின் ஓரத்தில் கரையாமல் வரிசையாகக் கிடந்தது கறுப்பு. ஒரு ஸ்லைடு போதாது என்று அந்தத் தொட்டியின் மற்ற இரண்டையும் பார்த்தாள். அவற்றிலும் கிடந்தது.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது ஹரிகுமார் தானே வாசலில் வந்து நின்றார். "என்ன தெரிஞ்சுது?"

"நான் சொல்ல மாட்டேன் சார். தொட்டி நம்பர காகிதம் ஒட்டி மறச்சிருக்கேன். எது எதுன்னு தெரியாம கறுப்ப எண்ணுங்க. பொறவு உரிச்சுப் பாருங்க."

ஸ்லைடுத் தட்டின் மேல் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இதென்னவாக்கும்?" என்றார் அவர்.

"உப்பு சேக்காத நாளும், அந்தக் கரைசல்ல கெடந்த மீன் கணக்கும். ரிப்போர்ட்டில சேக்கணும்."

அவர் பிரித்து முழுதும் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுத் தேதி எழுதினார். ராகேல் தட்டைச் சாயாமல் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.