கடைசி ராடின் மண்

ஜெகதீஸ்வரன் சாரின் நிலப்படத்தில் ஒரு புள்ளிக்கோடு உண்டு. பரமத்திப் பக்கத்துப் பாறைக் கரடுகளில் முழுக்கோடாகத் தொடங்கி, சோளக்காடுகளுக்கு அடியில் புள்ளிகளாகிக் கிழக்கே வளையும். குரோமைட் என்னும் கறுப்புத் தாதுப் பட்டை அவ்வழியே போகிறது என்பது அவரது இருபத்திரண்டு வருட நம்பிக்கை. கண்ட இடத்தில் கோடு. காணாத இடத்தில் புள்ளி.

ஆட்டையாம்பட்டிக்காரர். வேறெந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காமல் ஜியாலஜியில் சேர்ந்து, கனிமத் தேடலில் முனைவராகி, சேலத்தில் முப்பத்தொரு வருடம் பேராசிரியராக இருந்தார். "இந்தச் சமவெளி ஒரு காலத்துல பாகு மாதிரி கொதிச்சுக் கெடந்துச்சு. கனமானது மட்டும் மெதுவா அடியில படிஞ்சது" என்று அவர் சொல்லும்போது வகுப்பறைத் தரையே இளகுவது போலிருக்கும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அவரிடம் நான் என்ன படிக்கிறேன் என்று அப்பாவுக்குப் புரியவைக்க அந்த இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது.

மார்ச்சில் சாருக்கு ஓய்வு. துளையிட்டுப் பார்க்க அனுமதி வரவேயில்லை. அப்போதுதான் புள்ளிக்கோட்டின் மேலேயே இருந்த அப்புசாமி என்ற விவசாயியின் காட்டில் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடுவதாகத் தெரிந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செருப்புக் காலோடு நின்றால் தண்ணீர் விலகிவிடும் என்றார்கள், பூட்ஸைக் கழற்றினார்.

துளைக்குள் இருபது அடிக்கு ஒரு இரும்பு ராடு இறங்கியது. ராடுக்கு ஒரு குவியலாகப் பாறைத் தூளை வைக்கும்படி, போர் வண்டியை இயக்கும் ரிக்காரர் நாச்சிமுத்துவிடம் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சார், ஊரே தண்ணியத் தேடுது. நீங்க தூளத் தேடுறீங்க."

முப்பத்திரண்டாவது ராடில் வெள்ளைத் தூள் கறுத்தது. சார் குனிவதற்குள் தண்ணீர் பீறிட்டது. குவியல்கள் பாலாகக் கரைந்து சோளத்துக்குள் ஓடின. தப்பியது கடைசிக் குவியலில் ஒரு பிடி. அதையும் அப்புசாமியின் மனைவி அங்காளம்மாள் அள்ளி, மஞ்சள் தண்ணீர் விட்டுப் பிள்ளையாராகப் பிடித்துவிட்டார். தண்ணீர் கண்ட ராடின் மண்ணில் சாமி பிடிப்பது அவர்கள் வழக்கம்.

"அம்மா, அதுல ஒரு துளி கிடைக்குமா?"

"சாமியக் கிள்ளறதுங்களா? நல்லாருக்குதுங்க உங்க படிப்பு."

சார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். தண்ணீர்ப்புகை காடெங்கும் மிதந்தது. அதற்குள் கற்பூரச் சுடர் ஒன்று தரையைத் தொடாமல் நின்றது போலிருந்தது. அவர் கண் மூடியிருந்தார். அந்நேரம் அவருக்குக் கீழே பாறை மறுபடி பாகாகி, கறுப்பு மெல்லப் படிந்துகொண்டிருந்ததாம், பிறகு சொன்னார்.

பூசை முடிந்ததும் அங்காளம்மாள் தாம்பாளத்தை நீட்டினார். "கரைக்கோணும். நீங்களே கரைங்க சாமி. இத்தன நேரம் காத்துக் கெடந்தீங்களே."

சார் தாம்பாளத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கரைத்தார். மஞ்சள் போனது, வெள்ளை போனது. அடியில் நகக்கண் அளவு கறுப்பு தங்கியது. சட்டைப்பையிலிருந்து சிறிய காந்தத்தை எடுத்து நீட்டினார். காந்தத்துக்குக் குரோமைட் லேசில் அசையாது. இதுவோ மொத்தமும் துள்ளி ஒட்டிக்கொண்டது.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "அது என்ற பிட்டு, தொளைக்கிற மொனை, தேஞ்ச இரும்புங்க சார். கீழ பாறை ரொம்பக் கெட்டி."

சார் காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டார். பிறகு படத்தை மடியில் விரித்து, அப்புசாமியின் வேலிக்குள் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தார். வெறுமையான அந்த இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டு, பக்கத்தில் தண்ணீர், 640 அடி என்று எழுதினார்.