நிழலில் திரும்பாத நிறம்

புனே ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில், வெயிலில் நிறம் மாறும் மூலக்கூறுகளை உருவாக்குவதுதான் ஷோபாவின் வேலை. வெளிச்சம் பட்டதும் மூலக்கூறுக்குள் ஒரு பிணைப்பு விடுபட்டு, நிறமற்ற கரைசல் ஊதாவாகும். நிழலுக்கு வந்த கையோடு பழையபடி தெளிந்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் அந்த வேகம்தான் தேவை; அதன் பின்னாலேயே அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை மூலக்கூறின் ஓரத்தில் பருமனான தொகுதியொன்றைச் சேர்த்துப் பார்த்தாள். அது சண்டித்தனம் செய்தது. வெயிலில் மெல்ல மெல்லச் சிவந்தது, நிழலில் வைத்தும் சிவப்பு போகவில்லை, சூடாக்கினால்தான் போயிற்று. உதவாது என்று கொட்டிவிட்டாள்.

அதே வருடம் தங்கை கார்த்திகாவுக்கு லூபஸ் நோய் என்று தெரிந்தது. அந்தமானின் மாயாபந்தரில், விவசாயத் துறையில், வயல் வயலாக நடக்கும் வேலை அவளுக்கு. வெயிலே ஆகாது என்றார் டாக்டர்.

"மேகமா இருந்தா எவ்வளவு வெயில் பட்டுச்சுன்னே தெரியலக்கா," என்றாள் போனில். "சாயந்திரம் உடம்பு வீங்கினாத்தான் தெரியுது. உன் கலர் மாத்துற சாமான்ல ஒரு பட்டை செஞ்சு தாயேன். போதும், உள்ள போன்னு சொல்ற மாதிரி."

"அது வேற வேலைடி. என்னோடது நிழலுக்கு வந்தா அழிஞ்சிரும்."

"அச்சா, டீக் ஹை. சரி, விடுக்கா." கார்த்திகா மறுபடி கேட்கவில்லை.

சில வருடங்களில் ஷோபா மெயின்லேண்டை விட்டு போர்ட் பிளேர் கல்லூரிக்கு வந்தாள். அதற்குள் லூபஸ் முற்றி, தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது; டயாலிசிஸுக்காக அவளும் மரைன் ஹில்லில் அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். ஒருநாள் வகுப்பில், நிழலில் திரும்பாத மூலக்கூறால் என்ன பயன் என்று ஒரு மாணவி கேட்டாள். "பட்ட வெளிச்சத்தையெல்லாம் அது சேர்த்து வெச்சுக்கும்" என்று சொல்லும்போதே ஷோபாவுக்குப் புனேயில் கொட்டிய சிவப்புக் கரைசல் நினைவுக்கு வந்தது. தங்கை கேட்டது அதைத்தானே.

மறுபடி தயாரித்து, துணிப் பட்டையில் ஏற்றி, கார்த்திகாவின் மணிக்கட்டில் கட்டினாள்.

"இப்ப நான் எங்க வெளிய போறேன்?" என்றாள் கார்த்திகா. ஆனாலும் கழற்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவைவிட்டு இறங்கியபோது பட்டை லேசாகச் சிவந்திருந்தது. கார்த்திகா அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்க்கா காட்டுது."

அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று ஷோபா நினைத்துக்கொண்டாள். தங்கையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.