மெட்ராஸைப் பார்த்தபடி திருப்பதிக்குப் போன லாரி

எங்கள் நைனாவின் தலைத்திவசத்துக்கு வெயிலைப் பாராமல் வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, "நீதான் படிச்சவ, நீயே எழுது. ஆனா லாரியைப் பத்தியே எழுதிக்கினு இருக்காதே" என்றார் அம்மா. முயன்று பார்த்தேன். மூன்று பத்திகளுக்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

நைனா பிறந்தது சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், வேர்க்கடலை விளைகிற ஒரு சிற்றூரில். தகப்பனார் சீக்கிரமே தவறிவிட்டதால் மூன்று தங்கைகளும் ஒரு ஜோடி மாடும் அவர் பொறுப்பில் வந்தன. யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தார். அசாம் மலைப் பாதைகளில் இருந்து அவர் திரும்பி வந்தபோது கொண்டுவந்தவை கொஞ்சம் இந்தி, ஒரு மீசை, எந்த வண்டியையும் எந்தச் சந்திலும் நுழைத்து எடுக்கிற தைரியம். பிறகு பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய மூன்று டன் லாரி ஒன்றை வாங்கி, புத்தூருக்கு வெளியே மெட்ராஸ் ரோட்டோரம் வீடு கட்டிக் குடியேறினார். நகரிக்கு நூல் மூட்டை, சித்தூருக்கு வெல்லம், கோடையில் மாங்காய் என்று அந்த லாரி எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது. தங்கைகள் மூவரும் மணமாகிப் போனதும் அதே லாரியில்தான்.

கோபப்பட அவருக்குத் தெரியாது. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற யாரைக் கண்டாலும் வண்டி தானாக நின்றுவிடும். "இது லாரியா, சத்திரமாண்ணா?" என்று பெரிய அத்தை கேட்பார். "சத்திரத்துல படுத்துத் தூங்கலாம். இதுல அது முடியாதேம்மா" என்பார் நைனா.

கடைசி நாட்களையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். போன பங்குனியில் மார்வலி வந்து சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "உங்க இருதயம் ரொம்ப பலவீனமா இருக்கு" என்றார் டாக்டர். "என்ஜின் வீக்கானா இன்னா சார், எறக்கத்துல விட்டா போவும்" என்றார் நைனா. அந்த அறையில் சிரிக்காதவர்கள் அம்மாவும் நானும் மட்டும்தான். சில நாட்களில், விடிகிற வேளையில், தூக்கத்திலேயே போய்விட்டார். அழுகிற பகுதி இத்துடன் முடிந்தது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்திருந்த புதிது. நம் பக்கம் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று தமிழ்த் தரப்பும் தெலுங்குத் தரப்பும் கொடி பிடித்துக்கொண்டிருந்தன. இன்டர்மீடியட் முடித்திருந்த எனக்குத் திருப்பதியில் ஒரு கல்லூரியில் இருந்து அழைப்பு வந்தது. பி.எஸ்ஸி. பௌதிக வகுப்பு, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ, வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பெரிய அத்தையோ பொன்னேரியில் எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. நான் அந்த மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. நல்லவராகவே இருந்திருக்கலாம். எனக்கு வேண்டியது பௌதிகம்.

அதற்கு முந்தின வாரம்தான் வெல்ல மூட்டைகளோடு மேடு ஏறும்போது லாரியின் டிஃபரன்ஷியல் நொறுங்கிப் போயிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரிக்கு அடியில், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், குடம் போல ஒன்று புடைத்திருக்கிறதல்லவா, அதற்குள் இருப்பது அது. தாம்பாளம் அளவு ஒரு பல்சக்கரமும் அதைக் கடித்தபடி ஒரு குட்டிப் பல்சக்கரமும் சேர்ந்து, என்ஜினின் சுற்றைச் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும். நம் டிரைவர்கள் மொத்தத்தையும் 'கிரவுன்' என்றே சொல்வார்கள். இரும்புக் கூட்டோடு சேர்ந்தால் நான்கு பேர் தூக்குகிற கனம். மெட்ராஸில் பழைய பட்டாளத்துச் சாமான் விற்கிற இடத்தில் நைனா ஒன்றைப் பிடித்தார். அது கூட்ஸ் வண்டியில் ஏறி, புத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் வீடு வந்து சேர்ந்தது.

அம்மா அதைச் சும்மா விடுவாரா? வாசலில் கோணி விரித்து அதன் மேல் இறக்கச் சொல்லி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். மாட்டும் வேலை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, நகரியில் விசைத்தறி பழுது பார்ப்பவர். "தறி ஓடறதும் பல்லுலதான், லாரி ஓடறதும் பல்லுலதான்" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் நுழைந்தார். தெருவில் நான்கைந்து பேர் கயிறு பிடித்தார்கள். பின்பாகத்தை ஜாக்கியில் தூக்கி, தண்டவாளக் கட்டைகளை அடுக்கி நிறுத்தி, பழையதை இறக்கி, புதியதைத் தூக்கிப் பொருத்தும் நேரத்தில் சின்ன மாமாவின் குரல் கேட்டது.

"மாமா, இது எந்தப் பக்கம் மேல வரணும்? ஓட்டை எல்லாம் ஒரே அளவா கீது. ரெண்டு மாதிரியும் உக்காருது."

நைனா குனிந்து பார்த்தார். "பொட்டு எங்க கீது?"

"இப்ப கீழ கீது."

"பொட்டு வெச்ச பக்கத்தைத் தரையைப் பாத்து மாட்டுவாங்களாடா? மேல திருப்பு."

அங்கிருந்த யாருக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. கயிறு பிடித்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பொட்டு மேலே போனது, போல்ட்டுகள் இறுகின, சக்கரங்கள் ஏறின. அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருக்கலாம். நல்ல நேரம் மறுநாள் காலையில்தான் என்று அம்மா சொல்லிவிட்டார்.

திருப்பதிக்குக் கடைசி பஸ்ஸும் போன பிறகுதான் சங்கதி தெரிந்தது. மறுநாள் பந்த். ஒரு தரப்பு அறிவித்ததும் இன்னொரு தரப்பும் போட்டிக்கு அறிவித்துவிட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை. ரேணிகுண்டாவுக்கு அப்பால் மட்டும் ஏதோ ஓடுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. "பஸ் இல்லாட்டி போவுது. கிரவுன் மாட்டிக்கினு நம்ம வண்டி நிக்குது இல்ல? துன்னுட்டுத் தூங்கு பாப்பா" என்றார் நைனா.

காலையில் முன்சக்கரங்களுக்கு எதிரே அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். நான் நல்ல புடவை கட்டி, சர்ட்டிபிகேட்டுகளோடு நைனாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். என்ஜின் ஒரே தடவையில் கிளம்பியது. நைனா முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். எலுமிச்சம்பழங்கள் வைத்தது வைத்தபடி இருக்க, லாரி கம்பீரமாகப் பின்னால் போய் வைக்கோல் போரில் உட்கார்ந்தது.

"மாமா! ரிவர்ஸுல போட்டுட்டீங்க!" என்று கத்தினார் சின்ன மாமா.

"இத்தினி வருஷம் ஓட்டனவனுக்கு கியர் தெரியாதாடா?" நைனா இரண்டாம் கியரைப் போட்டார். லாரி இன்னும் வேகமாக வைக்கோலுக்குள் போனது. ரிவர்ஸைப் போட்டார். ஆமை போல முன்னால் ஊர்ந்து வந்து எலுமிச்சம்பழங்களை நசுக்கியது.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. கூட்டைத் தலைகீழாக மாட்டினால் பெரிய பல்சக்கரம் குட்டியின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அப்புறம் எல்லாமே எதிர்த் திசையில்தான் சுற்றும். முன்னால் போக ஒரே ஒரு கியர், பின்னால் போக நான்கு! சொல்லிவிட்டுக் கைதட்டினேன். பிறகுதான் மணி நினைவுக்கு வந்தது. கழற்றித் திருப்பி மாட்டச் சாயங்காலம் ஆகிவிடும்.

"சைக்கிள்ல டபுள்ஸ் இட்டுக்கினு போறேன்க்கா" என்றார் சின்ன மாமா.

"மேடு வந்தா நீயே எறங்கித் தள்ளுவே. பொண்ணு எப்போ காலேஜு போய்ச் சேர்றது?" என்றார் அம்மா.

நைனா லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "பின்னாடி போறதுக்கு நாலு கியர் கீது இல்ல? பின்னாடியே போலாம். பாப்பா, நீ மேல ஏறிப் பின்கதவாண்ட நில்லு. ரோட்டைப் பாத்துச் சொல்லிக்கினே வா."

வண்டியின் மூக்கை மெட்ராஸ் பக்கம் திருப்பி நிறுத்தினார். முதுகு திருப்பதிப் பக்கம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வலது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தபடி, இரண்டாம் கியரில் எடுத்தார். நான் பின்பலகையைப் பிடித்து நின்றுகொண்டு, "ரைட்ல வாங்க! நேரா! மாடு நைனா, மாடு!" என்று கத்திக்கொண்டே வந்தேன். சின்ன மாமாவும் கூடவே ஏறி எதிர்ப்பக்கம் நின்று, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் பெரிய மனிதர் போலக் கும்பிடு போட்டார்.

புத்தூர் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே கட்டை வண்டி. கொடியோடு இருபது இளைஞர்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். நைனா நிறுத்தினார்.

"திருப்பதிக்கு ஒரு வண்டியும் போவக் கூடாது, பெரியவரே" என்றான் முன்னால் நின்றவன்.

சின்ன மாமா முந்திக்கொண்டார். "நாங்க எங்கப்பா திருப்பதிக்குப் போறோம்? வண்டி எந்தப் பக்கம் பாத்துக்கினு கீது, நீயே பாரு."

"பாக்கறது மெட்ராஸை. போறது?"

"அது வண்டியோட சொந்த விஷயம்."

பையன்கள் சிரித்தார்கள். முன்னால் நின்றவன் மட்டும் சிரிக்கவில்லை. "கிண்டலா? வண்டியை ஓரம் கட்டுங்க."

நைனா இறங்கி வந்தார். சின்ன மாமாவின் சாமர்த்தியம் அவருக்கு வராது. "தம்பி, பொய் சொல்லல. திருப்பதிக்குத்தான் போறோம். மேல நிக்குது பாரு, என் பொண்ணு. காலேஜுல பதினோரு மணிக்குக் கூப்டுகிறாங்க. பஸ் இல்ல. கிரவுன் மாட்டனோம், தலைகீழா உக்காந்துக்கிச்சி. அதான் பின்னாடியே ஓட்டிக்கினு வரேன்."

"தலைகீழாவா? எப்படி?"

"பொட்டு மேல இருக்கட்டும்னு நெனச்சேம்பா."

அந்தப் பையன் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். பிறகு படுத்தே பார்த்தான். அவன் எழுந்தபோது சட்டையெல்லாம் புழுதி. அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். "டேய், கட்டை வண்டியைத் தள்ளுங்கடா! அக்கா காலேஜுக்குப் போவட்டும். நாடு யாருக்குன்னு அப்பால பாத்துக்கலாம்."

ரேணிகுண்டாவுக்கு முன்னால் இன்னொரு கூட்டம், இன்னொரு கொடி. இவர்கள் தெலுங்குப் பிள்ளைகள். மெட்ராஸில் இருந்து வருகிற வண்டிகளை மறிக்க நின்றிருந்தவர்கள், பின்புறமாக வருகிற லாரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஒரேய், லாரி வெனக்கி வஸ்துந்தி!" என்று, லாரி பின்பக்கமாக வருகிற அதிசயத்தை ஒருவன் கூவினான். நைனா தெலுங்கிலும் அதே கதையை, அந்தப் பொட்டையும் விடாமல், சொல்லி முடித்தார். அவர்களில் இரண்டு பேர் சைக்கிளில் முன்னால் போய், "தப்புக்கோண்டி! தப்புக்கோண்டி!" என்று வழி விலக்கிக்கொண்டே எங்களை ரேணிகுண்டா வரை கொண்டுபோய் விட்டார்கள். அங்கே எனக்குத் திருப்பதி பஸ் கிடைத்தது.

கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்த பெயரை எடுக்கப் போகும் நேரத்தில் உள்ளே போய் நின்றேன். தலையெல்லாம் வைக்கோல். பந்த் அன்று எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். பின்பக்கமாக வந்தேன் என்றேன். அதற்கு மேல் வாயால் விளக்க முடியாமல் சாக்பீஸை வாங்கிப் பலகையில் இரண்டு பல்சக்கரங்களை வரைந்தேன். இன்டர்வியூ எடுத்தவர்களில் வயதான ஒரு அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு இடம் கிடைத்தது.

வீடு திரும்புவதற்கு அவசரம் இல்லை என்பதால் நைனா ரிவர்ஸ் கியரில், முகம் முன்னால் பார்க்க, வீடு போய்ச் சேர்ந்தார். மாட்டு வண்டிகள் எல்லாம் அவரை முந்திக்கொண்டு போயினவாம். மறுநாள் கிரவுனைத் திருப்பி மாட்டினார்கள். அம்மா பழைய பொட்டைத் துடைத்துவிட்டு மறுபக்கத்தில் புதிதாக வைத்தார். "இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமேக்கா" என்றார் சின்ன மாமா. "அன்னிக்கு யாருடா கேட்டீங்க என்னை?" என்றார் அம்மா.

இப்போது எல்லைக் கோடு போட்டாகிவிட்டது. நம் ஊர் ஆந்திராவில் நின்றுவிட்டது, மாமன் மச்சான்களில் பாதிப் பேர் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தத் திவசத்துக்கு இரண்டு பக்கத்தில் இருந்தும் வந்திருக்கிறீர்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அன்று கயிறு பிடித்த எங்கள் தெருக்காரர்களுக்கு நன்றி. போன வருஷம் நைனாவைத் தோளில் சுமந்தவர்களும் அவர்கள்தான். கட்டை வண்டியைத் தள்ளி வழிவிட்ட பிள்ளைகளுக்கும், சைக்கிளில் வழி விலக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. உங்களில் யார் கையிலாவது இந்த மலர் கிடைத்தால், அந்த அக்கா இப்போது அதே கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும் நன்றி. மகன் இடத்தில் இருந்து எல்லாவற்றையும் செய்து, கொள்ளி வைத்த சின்ன மாமாவுக்கு நன்றி சொன்னால் அடிப்பார், அதனால் சொல்லவில்லை.

கடைசி நன்றி பெரிய அத்தைக்கு. அத்தனை மைல் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஓட்டியதில் நைனாவின் கழுத்து மறுநாள் விடியும்போது வலது பக்கமாகத் திரும்பியபடியே பிடித்துக்கொண்டது. விஷயம் தெரிந்து அத்தை தைலத்தோடு ஓடிவந்தார். தேய்த்துவிட்டுக்கொண்டே அவர் பொன்னேரிப் பேச்சை எடுத்தபோது நான் பக்கத்து அறையில் காலேஜுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"படிப்பு படிப்புன்னு விட்டுடாதேண்ணா. நல்ல எடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பதிலுக்குக் காத்துக்கினு கீறாங்க. இன்னா, நான் பேசறேன், நீ அந்தப் பக்கம் பாத்துக்கினு கீறே? இப்படித் திரும்பி எனக்கு ஒரு பதில் சொல்லு."

"திரும்ப மாட்டேங்குதும்மா" என்றார் நைனா. "திருப்பதிப் பக்கமே நின்னுக்கிச்சி. பாப்பா படிச்சி முடிக்கற வரிக்கும் இது திரும்பாதுன்னு நெனைக்கிறேன்."