சேற்று ஊருக்கு வந்த ஐயாயிரம் கொக்குகள்

ஹச்சியா ரெய்ஜி எங்கள் கவாஸே ஊர் மருந்துக்கடைக்காரரின் ஒரே மகன். ஆறாம் வகுப்பில் இருந்தபோது, நோயாளிகள் குணமாக வேண்டிப் பள்ளிப் பிள்ளைகள் மடித்த காகிதக் கொக்குகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு அவனுக்கு வந்தது. அவன் படம் பத்திரிகையில் வந்தது. மனிதர்கள் நோயில் விழுவதே, தான் போய் ஆறுதல் சொல்வதற்குத்தான் என்று அன்றைக்கே அவன் முடிவு கட்டியிருக்க வேண்டும்.

நகரத்துக் கல்லூரிக்குப் போனதும் 'காகிதச் சிறகு' என்று ஒரு தொண்டர் குழு ஆரம்பித்தான். கடைகளின் விளம்பரத் தாள், போன வருஷத்துக் காலண்டர், பழைய பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் கொக்காக்கி, ஆயிரம் ஆயிரமாகக் கோத்து, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புவார்கள். குழுவில் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் மடிப்பார்கள். இவன் பேசுவான்.

அவன் கல்லூரியில் கடைசி வருஷம் படித்த ஜூலையில் ஆறு ஊருக்குள் வந்தது. என் சலவைக் கடையில் எட்டு இயந்திரங்களும் போயின. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நூற்றுப் பத்துப் பேர் பாய் விரித்துக் கிடந்தோம். என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி வாசலில் ஒட்டியது நான்தான்: மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், தரை துடைக்கும் துணி, ஆண்கள் உள்ளாடை.

ஒன்பதாம் நாள் ரெய்ஜி வந்தான். வெள்ளைச் சட்டை போட்ட பன்னிரண்டு பிள்ளைகள், ஐயாயிரம் கொக்குகள். வாசலில் இருந்த பட்டியலை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துப் பாயில், சோயாவில் செய்யும் தோஃபுக் கட்டி விற்கும் கடைக்கார மிஸோகுச்சி தமாயே அக்கா இருந்தாள். எழுபதைத் தாண்டியவள். வாயை அடக்கத் தெரியாதவள்.

"தம்பி, நல்ல நேரத்துல வந்தே. என் கடையில சேறு அள்ளணும். ஆளுங்களை அனுப்பு."

"எங்க வேலை மனசு சம்பந்தப்பட்டதும்மா. மனசுக்குத் தெம்பு குடுக்கறதுதான் எங்க நோக்கம்."

"என் மனசு அங்கதான் இடுப்பளவு சேத்துல கெடக்கு. எடுத்துக் குடு."

பிள்ளைகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ரெய்ஜி முறைத்தான்.

கூடத்தில் வெயில் விழும் ஜன்னல் ஒன்றுதான். அங்கே கொடி கட்டி, கையால் அலசிய துணிகளை நான் காயப் போட்டிருந்தேன். பத்திரிகைக்காரர் வரப்போகிறார், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று ரெய்ஜி அத்தனை துணியையும் எடுத்து ஒரு மூலையில் குவித்துவிட்டு, அந்தக் கொடியில் கொக்குச் சரங்களைத் தொங்கவிட்டான். ஈரத் துணி குவியலாய்க் கிடந்தால் ஒரு மணி நேரத்தில் நாறும். அவனுக்கு அது எப்படித் தெரியும்? துணி துவைக்க அவன் அம்மா இருக்கிறாள். அவர்கள் வீடு மேட்டுத் தெருவில்.

படம் எடுத்தார்கள். கைகூப்பி நன்றி சொல்லும்படி எங்களைக் கேட்டான். சிலர் சொன்னார்கள். நானும் சொன்னேன், அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

பத்திரிகைக்காரர் போனதும் தமாயே அக்கா எழுந்து போய் ஒரு சரத்தை அறுத்தாள். கொக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கசக்கி, தன் நனைந்த ஷூவுக்குள் திணிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க! அது ஆயிரம் பேரோட பிரார்த்தனை!"

"நல்ல பிரார்த்தனைப்பா. தண்ணியை நல்லா இழுக்குது."

கூடமே சிரித்தது. ஒன்பது நாளில் எங்களுக்கு அதுதான் முதல் சிரிப்பு. ஆளாளுக்கு ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்பு சிரித்த பெண், ஸொனோதா என்று பெயர், உட்கார்ந்து தானும் பிரிக்கத் தொடங்கினாள். ஒரு சரம் முடிந்ததும், "பாட்டி, கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவளோடு மற்றப் பதினோரு பேரும் கிளம்பிவிட்டார்கள். மண்வெட்டி போதாமல் சமையல் சட்டியால் அள்ளினார்களாம்.

ரெய்ஜி போகவில்லை. துணிகளைத் திரும்பக் கொடியில் போட நான் போனபோது, ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். பிரித்துப் போட்ட தாள் ஒன்றை மறுபடி கொக்காக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். சதுரத்தை இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான். அதற்கு மேல் கை ஓடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கள் ஊரில் பாலர் பள்ளிக் குழந்தைக்குத் தெரிந்த மடிப்பு அது.

"மடிக்கத் தெரியாதா?" என்றேன்.

"நான் ஏற்பாட்டுப் பக்கம்தான் பார்ப்பேன்," என்றான்.

இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. ஈரத் துணிக் கூடையை அவன் மடியில் வைத்து, "உதறி உதறிக் கொடு," என்றேன். நாலு துண்டு உதறினான். செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனவன் திரும்பவில்லை.

மறுநாள் பத்திரிகையில் அவன் படம் பெரிதாக வந்தது. அடுத்த வசந்தத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நேர்காணலில் எங்கள் வெள்ளத்தைப் பற்றிப் பேசியதும் அங்கிருந்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம். மருந்துக்கடையில் அவன் அப்பா பெருமையாகச் சொன்னார்.

தமாயே அக்கா வெள்ளம் வந்த வருஷமே நவம்பரில் கடையைத் திறந்தாள். திறந்த அன்று ஸொனோதாவும் நாலைந்து பேரும் ரயிலேறி வந்து, சூடான தோஃபுவை நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போனார்கள். ரெய்ஜி மறு வருஷம் கோட்டு சூட்டோடு வந்தான். கடை முன்னால் நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டான்.

"ஒரு கட்டி வாங்கிக்கிறியா தம்பி?"

"சோயா எனக்கு ஒத்துக்காதும்மா," என்று குனிந்து வணங்கிவிட்டு நடந்தான்.

"யாரு இது?" என்று தமாயே அக்கா என்னைக் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் மகன் என்று சொன்னேன்.