அந்த மைதானத்தில் நான்தான் மகன்

மூன்று வருடம் இருக்கும். செப்டம்பர் மாதம், வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில், என் மகள் படித்த ஹைஸ்கூல் மைதானத்தில் அமெரிக்க ஃபுட்பால் மேட்ச். நான் மேட்ச் பார்க்கப் போகவில்லை. அந்த விளையாட்டில் யார் யாரை எதற்குத் தள்ளுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. மகள் பள்ளி பேண்டில் ஃப்ளூட் வாசிப்பவள். பேண்டு பிள்ளைகளின் பெற்றோர் முறை வைத்து ஸ்டாலில் நாச்சோஸும் ஹாட் சாக்லேட்டும் விற்க வேண்டும். அன்று என் முறை.

கிளம்பும்போதே மகள் கண்டிஷன் போட்டுவிட்டாள். "அம்மா, ப்ளீஸ், டோன்ட் டூ எனிதிங்." தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "நான் என்னடி பண்ணப் போறேன், சிப்ஸ் மேல சீஸ் ஊத்திக் குடுக்கப் போறேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, சல்வாருக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு விழா. அந்தப் பள்ளியில் படித்து, அந்தக் காலத்தில் விளையாட்டில் பேர் வாங்கியவர்களை 'ஹால் ஆஃப் ஃபேம்' என்று கௌரவிப்பார்கள். பெயரைச் சொல்லி அழைத்ததும், வீட்டு ஆள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே போய்க் கேடயம் வாங்க வேண்டும். நம் ஊர் விழா என்றால் பொன்னாடை இருக்கும், மாலை இருக்கும், 'இரண்டே வார்த்தை' என்று சொல்லி அரை மணி நேரம் பேசுகிறவர் இருப்பார். இங்கே ஒரு கைதட்டலோடு முடித்துவிடுகிறார்கள்.

அன்று கௌரவிக்கப்பட இருந்தவர்களில் ஓர் அம்மாவும் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளைக்காரர். ஹாட் சாக்லேட் வாங்கிக்கொண்டு எங்கள் ஸ்டால் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் இல்லாத நேரம், எனக்கோ வாய் சும்மா இருக்காது. கேட்டுக் கேட்டுக் கதையை வாங்கிவிட்டேன். அவர் படித்தபோது அந்தப் பள்ளியில் பெண்களுக்கு ஓட்டப் பந்தயக் குழுவே கிடையாதாம். பையன்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு, அதே தடத்தில் தனியாக ஓடுவாராம். கடைசி வருடம் பள்ளியே இறங்கிவந்து அவரைப் போட்டிக்கு அனுப்பியதாம். அந்தப் பள்ளிக்காக ஓடிய முதல் பெண் அவர்தான். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டிய மகன் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஆக்ஸிடென்ட், வண்டிகள் நகரவே இல்லை. அந்த அம்மா போனைப் பார்ப்பார், கேட்டைப் பார்ப்பார், மறுபடி போனைப் பார்ப்பார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனவர், தனியாக அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்து, சின்ன பேட்டரி கார் இருக்கிறது, அதில் கூட்டிப் போகிறோம் என்றார். இந்த இடத்தில் ஓடியவள் நான், உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. அப்படியென்றால் பெயரை மட்டும் வாசித்துவிடலாமா என்று கேட்டார் அந்தப் பெண். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஏனென்றால் என் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ இருக்கிறது. கோபிச்செட்டிபாளையத்தில் நர்ஸாக இருந்த என் அம்மாவின் பணி நிறைவு விழா. தோளில் பொன்னாடையோடு அம்மா நிற்கிறார். அவர் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுப் பெண் நிற்கிறாள். விசா சிக்கலில் நான் இங்கே மாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடமே அம்மா போய்விட்டார். அந்தப் பெண் நல்லவள்தான். ஆனாலும் போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் அவள்மேல் எனக்கு ஒரு பொறாமை, சொன்னால் அசிங்கம்.

இடைவேளை விசில் அடித்துவிட்டது. அந்த அம்மா எழுந்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். கேட்கக்கூட இல்லை. நானும் யோசிக்கவில்லை, பிடித்துக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டிப் புல்லில் கால் வைத்ததும் எல்லாச் சத்தமும் தூரப் போய்விட்டது. கடல் பக்கமிருந்து மெல்லிய மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. உயரமான விளக்குகளின் வெளிச்சம் அதில் கரைந்து, கீழே தண்ணீர் மாதிரி ஆடியது. வானத்தில் இன்னும் கொஞ்சம் ஊதா நிறம் மிச்சம். யாரோ கண்ட கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் கை நடுங்கியது. நடந்துகொண்டே மெல்லிய குரலில் மகனைப் பற்றித்தான் பேசினார். சின்ன வயதில் இதே தடத்தில் அவனை ஓடவிட்டாராம், பாதியிலேயே உட்கார்ந்து மண்ணில் விளையாடுவானாம்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவர் பெயர் கேட்டது. மேலே அறையில் இருந்த அறிவிப்பாளருக்கு ஆள் மாறியது தெரியாது. எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தார். "இவரை அழைத்து வருபவர், இவருடைய மகன்" என்று பெயரோடு கம்பீரமாக அறிவித்தார்.

நான். சல்வார், ஏப்ரன், கையெல்லாம் சீஸ் வாசனை.

மைதானமே சிரித்தது. அந்த அம்மா நின்று, என்னை மேலும் கீழும் பார்த்து, சின்னப் பெண் மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஓரத்தில் பேண்டு வரிசையில் நின்ற என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஃப்ளூட்டால் முகத்தை மறைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம்.

நடுக்கோட்டுக்கு வந்தபோது காற்று சில்லென்று வீசியது. போட்டோவுக்காக மெல்லிய சட்டை போட்டு வந்திருந்த அந்த அம்மாவுக்கு உடம்பு வெடவெடத்தது. என் கழுத்தில் கிடந்த ஷாலை எடுத்து, பிரித்து, அவர் தோளில் போர்த்தினேன். குளிருக்குத்தான், சத்தியமாக வேறெதுவும் நினைக்கவில்லை. ஆனால் கேலரியில் பேண்டு பெற்றோர் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து ஒரு தமிழ்க் குரல் கிளம்பியது. "ஆஹா, பொன்னாடை போத்திட்டாங்கப்பா!" அவ்வளவுதான். நம் ஆட்கள் எழுந்து நின்று விசில் அடித்துக் கை தட்டினார்கள். ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்து மற்றவர்களும் எழுந்தார்கள். கடைசியில் மைதானம் முழுக்க எழுந்து நின்றது. அந்த அம்மா ஷாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேடயத்தை வாங்கினார். அவர் அழுதார், நானும் அழுதேன்.

திரும்பி வரும்போது கேட்டில் டையெல்லாம் கோணலாக, மூச்சிரைக்க ஒருவர் நின்றிருந்தார். நிஜ மகன். பார்க்கிங்கிலிருந்து ஓடி வரும்போது ஒலிபெருக்கியில் தன் பெயரையே கேட்டிருக்கிறார். அம்மா தனியாக நின்றுவிடுவாரோ என்று வழியெல்லாம் தவித்தாராம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா ஷாலைக் கழற்றித் தர வந்தார். எங்கள் ஊரில் இதைப் போர்த்திவிட்டுத் திரும்ப வாங்க மாட்டோம் என்றேன்.

காரில் ஏறியதும் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருக்கிறது இன்றைக்கு என்று நினைத்தேன். வீட்டுத் தெரு திரும்பியதும், பொன்னாடை என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "தட்ஸ் ஆக்சுவலி கூல், அம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் விருது கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோபிச்செட்டிபாளையத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் ஒருநாளும் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு மேடைக்குப் போறப்ப எங்கம்மா கை நடுங்குச்சா?"

"ஆமாங்க்கா, நல்லா நடுங்குச்சு. நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அம்மா வழியெல்லாம் உங்களப் பத்தியேதான் பேசிட்டு வந்தாங்க."

இப்போதும் அந்தப் போட்டோவைத் துடைக்கிறேன், ஆனால் அம்மாவின் கையைப் பிடித்திருப்பது இன்னொருத்தி என்று எனக்குத் தோன்றுவதே இல்லை.