ஏறாத பஸ்

யட்டியாந்தோட்டை கடைவீதியில் தொடங்கி, ரப்பர் காட்டுக்குள் வளைந்து ஏறி, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முடியும் சின்ன ரோடு அது. வெட்டச் சொன்னது வெள்ளைக்காரத் துரை. கல் உடைத்தது எங்கள் ஆட்கள். நடுவில் செங்குத்தாக வளைந்து ஏறும் ஒரு முடக்கு. பழைய பஸ் பாரத்தோடு அதில் ஏறாது. "ஒக்கொம பஹின்ன! எல்லாரும் இறங்குங்க!" என்று சிங்களக் கண்டக்டர் கத்துவார். இறங்கி நடந்து, மேலே போய் ஏறிக்கொள்வோம்.

சண்டைக் காலத்தில் அந்த முடக்கிலேயே செக்பொயின்ட் போட்டார்கள். மற்ற ரோடுகளில் ஆமிக்காரர்கள் பஸ்ஸுக்குள் ஏறி, தமிழ் ஆட்களை மட்டும் இறக்குவார்கள். எங்கள் ரோட்டில் எல்லாரும் கும்பலாக நடந்ததால் யாரையும் பிரித்துக் கேட்கவில்லை. அடையாள அட்டை இல்லாத நானும் அப்படித்தான் தினமும் கடை வேலைக்குப் போய்வந்தேன்.

பிறகு புது பஸ் வந்தது. அப்போதும் கண்டக்டர் இறங்கச் சொன்னார்.

"புது பஸ்ஸுமா ஏறாது?" மழையில் நனைந்துகொண்டு எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன்.

"ஏறாது நங்கி, ஏறாது தங்கச்சி" என்பார்.

செக்பொயின்டை எடுத்த மறுநாள், முடக்கு வந்ததும் பழக்கத்தில் பையோடு எழுந்தேன்.

"உக்காருங்க நங்கி. பஸ் ஏறும்."

"நேத்து வரைக்கும் ஏறலையே அண்ணே?"

செக்பொயின்டின் மண்மூட்டைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். "நேத்து ஏறாதுதான்."

பஸ் சுலபமாக ஏறியது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். முழங்கால் வலியோடு இத்தனை நாளும் எங்களோடு நடந்தவர். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரில் முணுமுணுத்தபடி நடந்தவள் நான் ஒருத்திதான்.