படகு ஒட்டுகிறவளும் பிரெஞ்சுக் காரின் கூரையும்

வீராம்பட்டினத்தில் ஃபைபர் படகு உடைந்தால் சுடர்விழியைத்தான் கூப்பிடுவார்கள். அடி கிழிந்ததோ, பக்கம் பிளந்ததோ, கண்ணாடி நார் விரிப்பான மேட்டை வெட்டி வைத்து, ரெசின் பசையைத் தடவிச் சாயங்காலமே கடலுக்கு அனுப்பிவிடுவாள். மீன்பிடித் தடைக்காலத்தில் அவளுக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. தடை முடிந்ததோ, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். புருஷன் செத்த பிறகு அந்த மாதங்களை ஓட்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதனால்தான் காலாப்பட்டில் பழைய கார்களைப் பழுது பார்க்கும் கிருஷ்ணசாமியின் ஷெட்டில் போய் நின்றாள். அங்கே, எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று கூப்பிடும் அலெக்சாண்டரின் பிரெஞ்சுக் கார் நின்றிருந்தது. உடம்பெல்லாம் தகரம், கூரை மட்டும் ஃபைபர். அந்தக் கூரையின் பின் ஓரத்தில் முழ நீளத்துக்கு விரிசல். வேறு கூரைக்கு எங்கே போவது? மனுஷன் தேடித் தேடி ஓய்ந்துவிட்டார்.

"படகு ஒட்டுறவளுக்குக் கார்ல என்னாம்மா வேல?" என்றார் கிருஷ்ணசாமி. "சரி, இத ஒழுங்கா முடி. வருஷம் பூரா வேல தர்றேன். கெடுத்தியோ, இந்தப் பக்கமே வராத."

கூரையைக் கழற்றிக் கவிழ்த்து, விரிசலைத் தேய்த்து அகலமாக்கி, உள்பக்கம் மேட் வைத்து ரெசின் தடவினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அட, அந்தக் கையை என்னவென்று சொல்ல! கடற்கரை ஈரக்காற்றில் ரெசின் லேசில் இறுகாது. படகுக்காரனோ பக்கத்திலேயே நின்று பறப்பான். இறுகவைக்கும் ஹார்ட்னரை ஒரு மூடி கூடவே ஊற்றிப் பழகிய கை அது. காற்றே புகாத தகர ஷெட்டில், உச்சி வெயிலிலும் அப்படியே ஊற்றித் தொலைத்துவிட்டது.

மீதி ரெசின் இருந்த டப்பாவைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. சுட்டது. ஹார்ட்னர் கூடியதில் ரெசின் தானே கொதித்து, உள்ளிருந்து புகை வந்தது. ஓடிப்போய்க் கூரையைத் தொட்டாள். அதுவும் சூடேறிக்கொண்டிருந்தது. படகு தடிமன், தாங்கும். இது அப்பளம் மாதிரி. இந்தச் சூட்டில் இறுகினால் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் போல்ட் ஓட்டை ஒன்றுகூட வண்டியோடு சேராது.

கத்தியால் ஓரத்தைக் கீறி, ரப்பர் பதத்தில் இருந்த மேட்டை உரிக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்தா அலெக்சாண்டர் உள்ளே வர வேண்டும்!

"அய்யோ, என்னா பண்ற? கூரைய கிழிக்கிறியே!"

"ஹார்ட்னர் அதிகமா ஊத்திட்டேன் முசியே, என் தப்புதான். இப்ப உரிக்கலன்னா கூரை கோணிக்கும். தள்ளி நில்லுங்க!"

"விடு அத! கிருஷ்ணசாமி! இங்க வந்து பாரு!"

அலெக்சாண்டர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு உரித்தாள். கையுறைக்குள் உள்ளங்கை பொசுங்கியது. கடைசித் துண்டு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பிய்த்து எறிந்தாள்.

"போதும்மா, கெளம்பு" என்றார் ஓடிவந்த கிருஷ்ணசாமி.

"போறேன். ஆறின பிற்பாடு வண்டி மேல வச்சுப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, போறேன்."

கூரை ஆறியதும் ஆள்பிடித்துத் தூக்கி வைத்தார்கள். முன்பக்கப் போல்ட்டுகள் இறங்கின. பக்கவாட்டிலும் இறங்கின. விரிசல் இருந்த பின் மூலையில் போல்ட் சாய்ந்து நின்றுகொண்டது. சுடர்விழி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இங்கே வருவது? கிருஷ்ணசாமி கூரையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஸ்பேனரைத் திருப்புவது கேட்டது. நின்றது. மறுபடி திருப்பினார்.

"உக்காந்துடுச்சு" என்றார்.

அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. வாய்விட்டு அழுதாள். அலெக்சாண்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழுதது போதும்" என்றார் கிருஷ்ணசாமி. "விரிசல் அப்படியேதான கெடக்கு? காலையில வெயிலுக்கு முன்னாடி வந்து ஒட்டு. ஹார்ட்னர நான்தான் ஊத்துவேன், நீ தொடக்கூடாது."

"நீங்க எதுக்கு? அளவு ஜாடி வாங்கியாறேன், அளந்து ஊத்தறேன்" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே.

"ஜாடி அப்பறம் வாங்கலாம்" என்று எழுந்து வந்தார் அலெக்சாண்டர். "மொதல்ல அந்தக் கைய காட்டு."